சிரிக்காத பெண்களை வரைந்தவர்

தேயிலைப் பக்கற்றில் இருக்கும் பெண்ணை நாம் எல்லோரும் அறிவோம். முதுகில் கூடை, விரல் நுனியில் ஈரிலையும் ஒரு மொட்டும், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவளுடைய சேலை கசங்கியிருக்காது. இடுப்பில் படங்கு இருக்காது. காலில் அட்டை கடித்த அடையாளம் இருக்காது. கலண்டரிலும் அவளே வருகிறாள். சுற்றுலா விளம்பரத்திலும் அவளே வருகிறாள். உலகத்தின் பல நாடுகளில் இலங்கை என்றதும் மனிதருக்கு நினைவுக்கு வரும் முகம் அவளுடையது.

நம்மில் பலருடைய தாயும் பாட்டியும் கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் மலையில் நின்று அப்படிச் சிரித்ததை நாம் கண்டதில்லை. விடியுமுன் ரொட்டி சுட்டுப் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தைக் கண்டிருக்கிறோம். மழையில் நனைந்த படங்கின் பாரத்தைக் கண்டிருக்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்த்தபடி நிற்கும் சோர்வைக் கண்டிருக்கிறோம். அவர்களும் சிரித்தார்கள். ஆனால் அது தங்களுக்குள் பேசிச் சிரித்த சிரிப்பு. படமெடுக்க வருபவருக்காகச் சிரித்ததல்ல.

உழைக்கும் பெண்ணின் முகத்தை உள்ளபடி காட்டிய ஓவியர் எவரும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். இந்தியாவின் வடக்கே, நுவரெலியாவைப் போன்ற ஒரு மலை நகரத்தில் இருந்துகொண்டு, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிரிக்காத பெண்களை வரைந்தவர் அவர். பெயர் அம்ரிதா ஷேர்கில்.

பாரிஸிலிருந்து மலைக்கு

அம்ரிதா 1913 ஜனவரி 30ஆம் திகதி ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு. வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாய் ஹங்கேரியப் பாடகி. 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்து குடியேறியது. சிம்லா அன்று வெள்ளைக்கார ஆட்சியாளர் கோடையைக் கழிக்கும் இடம். சிறுமியின் கைத்திறனைக் கண்ட பெற்றோர் 1929இல் அவரைப் பாரிஸ் நகரத்துக்கு அழைத்துச் சென்று ஓவியம் கற்க வைத்தார்கள்.

பாரிஸில் அவருக்குப் பெயர் கிடைத்தது. 1932இல் வரைந்த 'இளம் பெண்கள்' என்ற ஓவியத்துக்காக அடுத்த ஆண்டு அந்நகரின் பெரிய ஓவியக் காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபது. ஆனால் அந்தக் காலத்திலேயே அவருடைய பார்வை அழகான முகங்களோடு நின்றுவிடவில்லை. ஓவியர்கள் வரைவதற்காகக் கூலிக்கு உட்காரும் ஒரு பெண்ணை 1933இல் வரைந்தார். உடல் மெலிந்து தளர்ந்த பெண் அவர். அந்தத் தளர்ச்சியை அம்ரிதா மறைக்கவில்லை.

1934ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். திரும்பியபோது கண்டதைப் பற்றிப் பின்னர் எழுதியிருக்கிறார். சுற்றுலா விளம்பரத் தாள்களில் உள்ள வெயிலும் வண்ணமும் நிறைந்த இந்தியாவை எதிர்பார்த்து வந்தாராம். கண்டதோ குளிர்காலத்துக் கிராமங்களும், மெலிந்து கறுத்து ஓசையின்றி நடமாடும் மனிதர்களும். அந்தத் துயரத்தின் நடுவே ஓர் அழகு இருப்பதாக அவருக்குப் பட்டது. ஏழை மக்களின் வாழ்வைத் தம் நிறங்களால் எடுத்துச் சொல்வதே தமக்குரிய பணி என்று அன்று முடிவு செய்தார்.

விளம்பரத்தில் உள்ள இந்தியாவும் கண்ணில் பட்ட இந்தியாவும் வேறு வேறு என்று கண்டதுதான் அவருடைய கலையின் தொடக்கம். தேயிலைப் பக்கற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவர் சொல்வதை விளங்கிக்கொள்வது கடினமல்ல.

படத்தில் இருப்பது என்ன

1935இல் சிம்லாவில் அவர் வரைந்த ஓவியங்களில் ஒன்றின் பெயர் 'மலைப் பெண்கள்'. முக்காடிட்ட பெண்கள் நெருங்கி நிற்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் நம்மைப் பார்த்து எதையும் கேட்கவில்லை. கண்கள் எங்கோ தாழ்ந்திருக்கின்றன. உடையில் பூவேலைப்பாடு இல்லை; பின்னால் அழகான மலைக்காட்சியும் இல்லை. நிற்கும் உருவங்கள்தான் படம். 1978இல் இந்திய அஞ்சல் திணைக்களம் இதை முத்திரையாக வெளியிட்டது.

அதே ஆண்டு வரைந்த இன்னொன்றுக்கு 'பாரத மாதா' என்று பெயரிட்டார். அந்தப் பெயரைக் கேட்டதும் கிரீடம் தரித்து, கொடி பிடித்து நிற்கும் தேவி உருவம்தான் அன்று எல்லோர் மனதிலும் வரும். அம்ரிதாவின் பாரத மாதாவோ பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் ஓர் ஏழைத் தாய். நாட்டைத் தாய் என்று புகழ்பவர்கள் நாட்டிலுள்ள தாயைப் பார்த்தார்களா என்று அந்தப் படம் கேட்பதாக நமக்குத் தோன்றுகிறது.

'மூன்று பெண்கள்' என்ற ஓவியமும் 1935இல் வந்ததே. பளிச்சென்ற நிற உடையில் மூன்று இளம்பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு இல்லை. தங்கள் வாழ்க்கையைப் பற்றி வேறு யாரோ முடிவு செய்துகொண்டிருக்க, அந்த முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் போல இருக்கிறார்கள். 1937இல் பம்பாய் ஓவியச் சங்கம் இதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

இந்தப் படங்களை எல்லோரும் வரவேற்கவில்லை. 1935இல் சிம்லா ஓவியக் காட்சிக்கு அவர் அனுப்பியவற்றில் சிலவற்றை நடத்துநர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுக்கு மட்டும் பரிசு கொடுத்தார்கள். அவர் அந்தப் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோடைக்கு வந்து தங்கும் சீமான்களின் வரவேற்பறைக்குப் பனிமலைக் காட்சி பொருந்தும். களைத்த பெண்ணின் முகம் பொருந்துமா?

அம்ரிதா இந்த முகங்களை எப்படி வரைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எல்லாவற்றையும் அவர் வரைவதில்லை. சேலையின் ஒவ்வொரு மடிப்பையும் ஒவ்வொரு வளையலையும் காட்டுவதில்லை. உருவத்தைப் பெரிய சில வடிவங்களாகச் சுருக்கி, மண் நிறம், செம்மை, கருமை, வெண்மை என்று சில நிறங்களால் நிரப்புவார். உடல் நிற்கும் விதமே கதையைச் சொல்லும். தோள் சற்று இறங்கியிருக்கும். கை வேலை இல்லாமல் தொங்கும். களைப்பு என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

1936ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தெற்கே பயணம் செய்தார். அஜந்தா குகைகளின் பழைய சுவரோவியங்களைக் கண்டு, ஐரோப்பாவில் தாம் தேடியது இங்கேயே இருக்கிறது என்று வியந்தார். கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று கீழே வந்தார். தென்னாட்டு மக்களின் கறுத்த மேனியும் வெள்ளை உடையும் அவரை ஈர்த்தன. 1937இல் வரைந்த 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்' என்ற ஓவியத்தில் இருப்பவர்கள் நமக்கு அந்நியரல்லர்.

இந்த இதழுக்காக, இடம்பெயர்ந்து தற்காலிக வீடுகளில் இருக்கும் சில தாய்மாரிடம் 'மலைப் பெண்கள்' படத்தின் பிரதியொன்றைக் காட்டினோம். "என்ன டீச்சர், ஒருத்திகூட சிரிக்கலியே" என்றார் ஓர் இளம்பெண்.

பக்கத்தில் இருந்த வயதான தாய் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுக்குச் சிரிக்கணும்? சொமைய எறக்கி வச்சிட்டு நிக்கிறவ இப்பிடித்தான் நிப்பா" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அம்மாவும் இப்பிடித்தான் முக்காடு போட்டு நிக்கும். அதோட படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. இருந்த ஒண்ணும் எண்பத்தி மூணுல வீட்டோட எரிஞ்சிருச்சு" என்றார்.

ஓவியக் கலையைப் பற்றி ஒன்றும் படிக்காத அந்தத் தாய்க்கு, சிம்லா நடத்துநர்களுக்கு விளங்காதது ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

எங்கிருந்து பார்த்தார்

ஆயினும் ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. அம்ரிதா ஏழை வீட்டுப் பிள்ளையல்லர். சிம்லாவில் அவர் வாழ்ந்தது வசதியான வீட்டில். கோரக்பூர் மாவட்டத்தின் சரயா என்ற ஊரில் அவருடைய தந்தைவழிக் குடும்பத்துக்குப் பெரிய நிலமும் சீனி ஆலையும் இருந்தன. திருமணமான பின்னர் அவர் சில காலம் அங்கேயே வாழ்ந்து வரைந்தார். நமது பேச்சில் சொன்னால், அவர் துரை பங்களாவின் பக்கத்திலிருந்து லயத்தைப் பார்த்தவர்.

'மூன்று பெண்கள்' படத்தில் இருப்பவர்கள் கிராமத்துக் கூலிப் பெண்களல்லர். அவருடைய சொந்தக் குடும்பத்துப் பெண்களே. வசதியான வீட்டிலும் பெண் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவுதான் மலைப் பெண்களின் முகத்தை அவருக்குத் திறந்து காட்டியது என்று கொள்ளலாம். ஆனால் அம்ரிதா வரைந்த மலைப் பெண்களின் பெயர் என்ன? அவர்கள் என்ன கூலி பெற்றார்கள்? அந்தப் படங்களை அவர்கள் பார்த்தார்களா? படத்தின் தலைப்பு இதில் எதையும் சொல்வதில்லை.

அவர் 1941 டிசம்பர் 5ஆம் திகதி லாகூரில் காலமானார். வயது 28. இன்று அவருடைய ஓவியங்கள் இந்தியாவின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளன; நாட்டை விட்டு விற்றுக் கொண்டுபோக முடியாது. 1937இல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' என்ற ஓவியம் 2023 செப்டெம்பரில் டெல்லியில் 61.8 கோடி இந்திய ரூபாய்க்கு ஏலம் போனது. வீட்டு முற்றத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் கிராமத்துப் பெண்கள்தான் அந்தப் படத்தில் இருக்கிறார்கள்.

இப்படிச் சொல்வதால் அம்ரிதாவின் பெருமை குறையாது. பங்களாவிலிருந்து பார்த்த எத்தனையோ பேருக்குக் காட்சி மட்டுமே தெரிந்தது. அவருக்கு முகம் தெரிந்தது. ஆனால் முகம் தெரிந்தால் போதுமா என்ற கேள்வி நமக்கு எழ வேண்டும்.

உருளைக்கிழங்கு தோண்டிய கைகள்

இதே கேள்வியை இன்னோர் ஓவியரிடமும் கேட்டுப் பார்க்கலாம். வின்சென்ட் வான் கோ என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். இவர் ஒல்லாந்து நாட்டவர். ஒரு போதகரின் மகன். ஓவியராகும் முன் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே நற்செய்தி சொல்லும் பணியில் இருந்தார். தம் உடைகளைக்கூடக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே வாழ முயன்றார். அவரை அனுப்பிய சபையார் அதை விரும்பாமல் 1879இல் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பின்னர் அவர் நியூனென் என்ற கிராமத்தில் தங்கி, 1884, 1885ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் விவசாயிகளின் தலைகளை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்தார். வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள். எலும்பு தெரியும் கன்னம், தடித்த உதடு, விளக்கொளியில் பாதி மறைந்த கண். இந்தப் பயிற்சியின் முடிவில் 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற பெரிய படம் வந்தது. ஒரு விளக்கின் கீழ் ஒரு குடும்பம் இரவு உணவு உண்கிறது. தட்டில் கை வைப்பவர்கள் அதே கைகளால்தான் மண்ணைத் தோண்டினார்கள் என்பதைக் காட்டவே வரைந்ததாக அவர் தம் தம்பிக்கு எழுதினார். நிறம்கூட மண் ஒட்டிய, தோல் உரிக்காத உருளைக்கிழங்கின் நிறம்தான். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கிழங்கு பயிரிட்டவர்களுக்கு அந்த நிறம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படத்தில் இருக்கும் குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியும்: டி குரூட். அவர் பல தடவை வரைந்த பெண்ணின் பெயரும் தெரியும்: கோர்டினா. ஓவியர் அந்தக் குடிசைக்குள் போய் உட்கார்ந்தார்; அவர்களை அறிந்திருந்தார். அதனால் 140 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விவசாயப் பெண் பெயரோடு இருக்கிறார்.

பொகவந்தலாவைக் கல்லறை

இனி நம் மலைக்கே வருவோம். பொகவந்தலாவையில் பரிசுத்த மரியாள் ஆலயம் என்ற பழைய ஆங்கிலத் திருச்சபை ஆலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய கணவர். உலகத்தின் புகைப்படக் கலை வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படும் பெயர் இவருடையது.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகள் பரிசளித்த ஒரு கமராவைக் கொண்டு படமெடுக்கக் கற்றார். இங்கிலாந்தில் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின் போன்றோரை எடுத்த படங்கள் பெரும் புகழ் பெற்றன. முகத்தை மிக அண்மையில் வைத்து, ஒரு பக்கத்து ஒளியில், ஓவியம் போல எடுப்பது அவருடைய வழி. வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக வேடமிட்டுப் பல தடவை எடுத்தார்.

அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், 1833இல் இலங்கையின் ஆட்சி முறையையும் நீதி முறையையும் மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் இரண்டாவது பெயருக்கு உரியவர். திம்புளையிலும் டிக்கோயாவிலும் அந்தக் குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு இந்தத் தோட்டங்களின் வருமானமும் துணையாக இருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட கோப்பி இலை நோய் அந்த வருமானத்தை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1875இல், அவர்கள் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவில் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார்.

இலங்கையில் இருந்த ஆண்டுகளில் அவர் எடுத்த படங்களில் ஏறத்தாழ முப்பது மட்டுமே எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை அவருடைய மகன் உத்தியோகம் பார்த்த களுத்துறையில் எடுக்கப்பட்டவை. சேலை உடுத்த இளம்பெண்கள், குடம் தாங்கியவர்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். அன்றைய கமராவுக்கு முன்னால் பல விநாடிகள், சில வேளை நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். எனவே அந்த முகங்களிலும் சிரிப்பு இல்லை. கண்ணில் சிறிது பயமும் சிறிது பொறுமையும் தெரிகின்றன.

1877இல் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்த மரியான் நோர்த் என்ற ஆங்கில ஓவியரையும் ஜூலியா படமெடுத்தார். அந்தப் படத்தில் பெயர் இருக்கிறது. கிராமத்தவர் சிலரைச் சேர்த்து 1878இல் எடுத்த படத்தில் 'களுத்துறை விவசாயிகள்' என்று எழுதியிருக்கிறார். சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், தானே அவளுடைய தகப்பன் என்று சொல்லும் கிழவர் தமக்கு வயது நூறு என்கிறார் என்றும் குறித்து வைத்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், அவர்கள் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. இங்கிலாந்தில் அவருடைய பணிப்பெண்ணுக்குக்கூடப் பெயர் இருந்தது.

பேரும் பெயரும்

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. பேர் விழுந்ததா என்றுதான் கேட்போம். நிர்ணயித்த அளவு கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர். செக்ரோலில் பேர் எத்தனை என்று எண்ணித்தான் மாதச் சம்பளம். நம் தாய்மார் ஆயுள் முழுவதும் எத்தனை ஆயிரம் பேர் உழைத்தார்கள் என்று கணக்கு இருக்கும். அவர்களுடைய சொந்தப் பெயர் சரியாக எழுதப்பட்டதா என்பது வேறு விடயம்.

எழுதியவர் தமிழ் அறியாதவராக இருந்ததால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். செக்ரோலில் சுருக்கி இன்னொரு பெயர். அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டு. ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும்போது மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ஒரு சமூகம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை தாள்களை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்ததே 1984இல்தான். ஒரு பெயரும் ஒரு படமும் ஏழைக்கு அலங்காரமல்ல. அவை உரிமையின் சான்றுகள்.

இந்த இதழைப் படிக்கும் குடும்பங்கள் இதை நன்கு அறிவார்கள். 1977இலும் 1983இலும் தோட்டங்களை விட்டு ஓடி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்து, 2009 வரை நடந்த போரில் அங்கிருந்தும் பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மண்சரிவில் லயத்தை இழந்து பாடசாலைக் கட்டடத்தில் தங்கியவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது பிள்ளையைத் தூக்கினோம். முடிந்தால் தாள்களை எடுத்தோம். சுவரில் தொங்கிய படத்தை எடுக்க நேரம் இருக்கவில்லை.

அதனால்தான் அந்த வயதான தாய் ஒரு வடநாட்டு ஓவியத்தில் தன் தாயைத் தேடினார். யாரோ ஒருத்தியின் முகத்தை உள்ளபடி வரைந்து வைத்ததால், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இன்னொருத்திக்கு அது உதவியது. அம்ரிதாவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது இதற்காகவே. அவரும் ஜூலியாவும் செய்யாமல் விட்டதை நாம் செய்யலாம்.

நாம் செய்யக்கூடியவை

இன்று நிலைமை மாறி வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்று ஓவியமும் சிற்பமும் கற்கிறார்கள். ஹட்டன் பகுதியைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற கலைஞர்கள் தோட்டப் பெண்களின் உழைப்பையே தம் கலைக்குப் பொருளாக எடுத்திருக்கிறார்கள். லயத்தை அறிந்தவர்களே லயத்து வாழ்வை வரையும் காலம் இது. கையடக்கத் தொலைபேசியிலேயே கமரா இருக்கிறது. ஆகவே பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

வீட்டில் உள்ள பழைய படங்களை எடுங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், இருப்பவரின் முழுப் பெயர், ஊர் அல்லது தோட்டத்தின் பிரிவு, ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும், பென்சில் தெரியாது.

வீட்டிலுள்ள மூத்தவர்களை, அவர்கள் விரும்பினால், அவர்களுக்குப் பழக்கமான உடையில், பழக்கமான இடத்தில் படமெடுங்கள். சிரிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால் தொலைபேசியோடு போய்விடும். ஒன்றையாவது தாளில் அச்சிட்டு வையுங்கள்.

படங்களையும் பிறப்பு, விவாகப் பத்திரங்களையும் தண்ணீர் புகாத ஒரே உறையில் இட்டு, ஓடும்போது எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். பத்திரங்களின் பிரதியொன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

படமே இல்லாதவர்கள், அந்த மூத்தவரைப் பற்றி நினைவில் உள்ளதைச் சொல்ல, பிள்ளைகளை வரையச் சொல்லலாம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கீழே பெயர் எழுதப்பட வேண்டும்.

வெளியிலிருந்து படமெடுக்க வருபவரிடம், எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் உரிமை. வேண்டாம் என்று சொல்வதும் உரிமைதான்.

அன்று நாம் புறப்படும்போது அந்த வயதான தாயிடம் அவருடைய தாயின் பெயரைக் கேட்டோம். அவர் பெயரைச் சொன்னார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார். செக்ரோல் இலக்கத்தையும் மறக்காமல் சொன்னார். அவருடைய பேரப்பிள்ளை பாடசாலைக் கொப்பியில் அதை எழுதிக்கொண்டது. மேலே ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. ஏன் என்று கேட்டோம். "அங்க பூட்டிய வரையணும்" என்றது.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

1. தேயிலைப் பக்கற்றில் உள்ள பெண்ணுக்கும் நீங்கள் அறிந்த கொழுந்துப் பெண்ணுக்கும் என்ன வேறுபாடுகள்?

2. உங்கள் தாயின் தாய், அவருடைய தாய் ஆகியோரின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

3. உங்கள் குடும்பத்தில் எவருடைய பெயராவது பத்திரங்களில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறதா? அதைத் திருத்தக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ குழுவாகச் சென்று என்ன செய்யலாம்?

4. உங்கள் ஊரின் மூத்த பெண்களின் படங்களையும் பெயர்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க உங்கள் மாதர் சங்கம் முன்வருமா?